வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? அலைன்மெண்ட் கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக எல்லை தாண்டி, கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை நிறுத்தினால், அங்குள்ள மெக்கானிக் முதலில் கேட்பது, "ஏது சைடிலேக்கா வலிக்குன்னது?" என்பதாகத்தான் இருக்கும். நாம் இழுக்கிறது என்பதை மலையாளத்தில் வலிக்கிறது என்கிறார்கள். துடுப்பு வலித்தல் என்று நம்மிடமும் அந்தச் சொல் இருப்பதால் பொருள் உடனே விளங்கிவிடும். ஆனால் எந்தப் பக்கம் என்ற கேள்வியைவிட, எப்போது இழுக்கிறது என்ற கேள்விதான் குறை இருக்கும் இடத்தைக் காட்டும். சீரான வேகத்தில் போகும்போதே இழுக்கும் வண்டிக்கும், பிரேக்கை மிதித்தால் மட்டும் இழுக்கும் வண்டிக்கும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் இழுக்கும் வண்டிக்கும் காரணங்கள் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் நேரே, சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்யும் வீல் அலைன்மெண்ட் கடைக்குப் போவதுதான் பலரும் செய்யும் பிழை.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுவதும் சித்தூரில் மாமனார் வீட்டுக் கொட்டகையில் நின்ற கார், வெளியே எடுத்ததும் இடப்பக்கம் இழுத்தது. இரண்டு மாதங்களில் மூன்று முறை அலைன்மெண்ட் செய்து பணம் கட்டினேன்; இழுப்பு இருந்தபடியே இருந்தது. இடது முன்சக்கரத்தின் பிரேக் காலிப்பரில், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேட்களால் நெரித்துப் பிடிக்கும் பாகத்தில், சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பின் (இரும்புக் கம்பி) துருப்பிடித்து இறுகியிருந்ததுதான் காரணம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பக்கத்துப் பிரேக் பேட், இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. அதனால்தான் இந்த வரிசையை வற்புறுத்திச் சொல்கிறேன்: முதலில் சாலை, பிறகு டயர், பிறகு பிரேக், பிறகு வண்டியின் அடிப்பாகம், எல்லாவற்றுக்கும் கடைசியில் அலைன்மெண்ட்.

சாலையா, வீசும் காற்றா, வண்டியா?

மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி, ஓரங்களைச் சரித்தே போடுகிறார்கள். தார்ச்சாலைகளில் இந்தச் சரிவு பொதுவாக 2 முதல் 2.5 சதவீதம், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் வரை இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், குறையே இல்லாத வண்டியும் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். அதே சாலையில் திரும்பி வரும்போதும் இடப்பக்கமே ஒதுங்கும். ஆகவே இடப்பக்கம் லேசாக ஒதுங்குவதை உடனே குறை என்று சொல்லிவிட முடியாது. வலப்பக்கம் இழுக்கும் வண்டியோ சாலையின் சரிவையும் மீறி இழுக்கிறது. வீசும் காற்றும் இல்லாத நேரத்தில் அப்படி இழுத்தால், அதில் குறை இருப்பது ஏறத்தாழ உறுதி.

வீசும் காற்றை நம் பகுதிக்காரர்கள் தனியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று நம் பக்கம் பாய்கிறது. அந்த மாதங்களில் பொள்ளாச்சியிலிருந்து கிணத்துக்கடவு வழியாகக் கோவைக்கு வடக்கு நோக்கி ஓட்டினால், காற்று இடப்புறம் மோதி வண்டியை வலப்பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று இடப்பக்கம் தள்ளும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாட்களில் இது தலைகீழாகும். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் இழுத்தால் வண்டியைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

எனவே சோதனை ஓட்டத்தை விடியற்காலையில், காற்று அடங்கி, போக்குவரத்தும் இல்லாத, மேடுபள்ளமற்ற நேர்சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்தில், கைகளை முழுவதும் எடுத்துவிடாமல், விரல்கள் மட்டும் ஸ்டீயரிங்கில் படும்படி வைத்துக்கொண்டு பாருங்கள். நூறு மீட்டருக்குள் தடம் மாறிவிடும் வண்டியைக் குறையுள்ளது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, ஆனால் வண்டி நேராகப் போகிறது என்றால், அது இழுப்பு அல்ல. முந்தைய அலைன்மெண்டில் ஸ்டீயரிங்கை நடுநிலையில் நிறுத்தாமல் விட்டிருப்பார்கள்.

டயர்

டயர்கள் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, நான்கிலும் ஒரே கேஜை வைத்துக் காற்றைச் சரிபாருங்கள். கேஜ் ஓரிரு பி.எஸ்.ஐ. தவறாகக் காட்டினாலும் இந்தச் சோதனைக்குப் பாதகமில்லை. இடது, வலது இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நசுங்கி உருளுவதால், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். முன்பக்கத்தில் ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாகவோ, இரண்டும் வேறு வேறு கம்பெனியாகவோ இருந்தாலும் இதே விளைவுதான்.

காற்று சரியாக இருந்தும், டயர் புதிதாக இருந்தும் இழுக்கிறது என்றால், டயருக்குள்ளேயே குறை இருக்கலாம். ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டைகள் தயாரிப்பின்போது இம்மியளவு ஒரு பக்கம் விலகி அமைந்துவிட்டால், வெளிப்பார்வைக்கு உருளையாகத் தெரியும் டயர் உண்மையில் கூம்பைப் போல உருளும். வீட்டில் இருக்கும் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். அது நேராகப் போகாமல், குறுகிய அடிப்பக்கம் உள்ளே இருக்கும்படி வட்டமடிக்கும். அந்த டயரும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது. எந்த அலைன்மெண்ட் கருவியும் இதைக் காட்டாது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது: முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு, அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை வைத்து, நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே ஜாக்கியை ஏற்றுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். மாற்றிய பின் இழுப்பு மறுபக்கம் போனாலோ, மறைந்துவிட்டாலோ, குற்றவாளி டயர். அதே பக்கம் அதே அளவு இழுத்தால், முன் டயர்கள் மீது பழியில்லை. பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களை மட்டும் இப்படி இடம் வலமாக மாற்றக் கூடாது. அவற்றை ஒரே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மாற்றிப் பாருங்கள். குறையுள்ள டயர் புதிதாக இருந்தால் விற்ற கடையில் வாரண்டி கேளுங்கள்; பழையதாக இருந்தால் பின்பக்கம் போட்டுவிட்டால் இழுப்பு பெரும்பாலும் தெரியாது.

பிரேக்

இங்கேதான் நிதானமாக நேரம் செலவிடச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை டயரைத் தேய்க்கும், இது உயிரோடு விளையாடும்.

பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே, தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய் வெப்பத்தை உணருங்கள். இரண்டு முன்சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தாலோ, கருகிய நாற்றம் வந்தாலோ, அந்த ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகமாகப் படிந்திருந்தாலோ, அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி இழுப்பதும் அந்தப் பக்கமாகவே இருக்கும். டிஸ்க்கைக் கையால் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுடும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்த கையோடு இந்தச் சோதனையைச் செய்தால் எல்லாச் சக்கரமும் கொதிக்கும், ஒன்றும் விளங்காது.

சந்தேகம் வந்த சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பேட் லேசாக உரசும் ஓசை இயல்பு. இரண்டு கையாலும் வலிந்து சுற்ற வேண்டியிருந்தால் இயல்பல்ல. பெரும்பாலான சிறிய கார்களில் காலிப்பர் இரண்டு பின்களின் மீது முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்தப் பின்களை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால், கேரளத்தில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் உள்ளே இறங்கிக் கிரீஸைக் கழுவித் துருவை ஏற்றிவிடும். என் வண்டியில் கழற்றிய பின்னின் ஒரு பாதி வெள்ளிபோல் மின்னியது, மறுபாதி செங்கல் பொடியில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. பின்னைச் சுத்தம் செய்தோ மாற்றியோ, ரப்பர் உறையைப் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸைப் பூசச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும்.

பின்கள் இலகுவாக நகர்ந்தும் சக்கரம் இறுகியிருந்தால், பேடை டிஸ்க்கின் மீது தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், அல்லது பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸ் உள்ளே சிதைந்து ஆயிலைத் திரும்பவிடாமல் இருக்கலாம். காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிளைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்போது ஹோஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

பிரேக் மிதித்தால் மட்டும் இழுக்கும் வண்டியில் கணக்கு மாறுகிறது. இடப்பக்கம் இழுத்தால், இடது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, வலது பிரேக் பிடிக்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. வலது பேடில் ஆயில் பட்டிருக்கலாம், வலது பிஸ்டன் நகராமல் நின்றிருக்கலாம். பேட் மாற்றுவதானால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடிப்பாகம்

பிரேக் போட்டால் ஒரு பக்கமும், மறுபடி வேகம் எடுத்தால் எதிர்ப்பக்கமும் வண்டி அலைந்தால், சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். புஷ் கிழிந்தால் சக்கரமே முன்னும் பின்னும் அசையும். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோமோ அந்தப் பக்கமே தொடர்ந்து இழுக்கிறது, மறுபக்கம் திருப்பினால் இழுப்பும் மாறிவிடுகிறது என்றால், முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையிலுள்ள பேரிங்கோ ஒரு பால் ஜாயிண்டோ (சக்கரம் திரும்ப இடம்தரும் குமிழ் மூட்டு) இறுகியிருக்கலாம். பலமாக ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் லேசாக ஒரு பக்கம் போவது, சக்கரங்களைச் சுழற்றும் இடது வலது ஆக்ஸில்கள் நீளத்தில் வேறுபடும் முன்சக்கர இழுவை (என்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றும்) வண்டிகளில் அமைப்பாலேயே வருவது. புதிதாகத் தொடங்கியதல்ல என்றால் கவலை வேண்டாம். டிக்கியில் தேங்காய் மூட்டைகளை ஒரே பக்கம் அடுக்கியிருந்தால் இறக்கிவிட்டுச் சோதியுங்கள்.

கடைசியில் அலைன்மெண்ட்

இத்தனையும் பார்த்தபின் கடைக்குப் போகும்போது, சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவுகளையும் பின் எடுத்த அளவுகளையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் மூன்று சொற்கள் இருக்கும். கேம்பர் என்பது முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு. காஸ்டர் என்பது பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. தலை அதிகமாக வெளியே சாய்ந்த பக்கத்துக்கும், காஸ்டர் குறைந்த பக்கத்துக்கும் வண்டி இழுக்கும். இடது வலது வேறுபாடு இவற்றில் அரை டிகிரியை, அதாவது 30 நிமிடக் கோணத்தைத் தாண்டினால் நான் சந்தேகப்படுவேன். முன்பக்க டோ தவறினால் டயர் தேயும், ஸ்டீயரிங் கோணலாகும். தனியாக அது வண்டியை இழுப்பது அரிது.

இதை நன்றாக நினைவில் வையுங்கள்: நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்க டோவை மட்டுமே திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பரோ காஸ்டரோ அளவுக்கு மீறி இருந்தால், பள்ளத்தில் விழுந்ததிலோ எங்கேனும் மோதியதிலோ ஆர்ம், ஷாக் அப்சார்பர், நக்கிள் (சக்கரம் மாட்டப்பட்டிருக்கும் பாகம்) ஆகியவற்றில் ஒன்று வளைந்திருக்கிறது. கம்பி வைத்து நெம்பியோ சூடேற்றியோ நிமிர்த்தித் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வளைந்த பாகத்தை மாற்றியே ஆக வேண்டும்.

பின்சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள். அவை திரும்பியிருந்தால் வண்டி நண்டைப் போலச் சாய்ந்தபடி ஓடும். வீட்டிலேயே இதைப் பார்க்கலாம்: ஒரு குட்டையில் நான்கு டயரையும் நனைத்து, காய்ந்த சிமெண்ட் தரையில் நேராக ஓட்டி நிறுத்திவிட்டு, பின் டயரின் ஈரத்தடம் முன் டயரின் தடத்திலிருந்து இருபுறமும் ஒரே அளவு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புறம் உள்ளே தள்ளியும் மறுபுறம் வெளியே தள்ளியும் இருந்தால் பின்பக்கத்தில் குறை இருக்கிறது. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியானால், அலைன்மெண்ட் முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரைக் கம்பெனி சொன்ன முறையில் ஜீரோ செய்தார்களா என்றும் கேளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் சோதித்த அதே சாலையில் இருபுறமும் ஓட்டிப் பாருங்கள். அச்சிட்ட தாளை டேஷ்போர்டுக்குள் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி இழுத்தால், எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்க்க அது வேண்டியிருக்கும்.