வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு ஆய்வா? கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டியவை

கூட்டு ஆய்வுக்கான அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். விண்ணப்பிக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது, முன்மொழிவு ஏறக்குறைய முடிந்துவிட்டது, நீங்கள் களப் பங்காளியாகச் சேர்ந்தால் போதும், ஒரு சம்மதக் கடிதம் அனுப்பிவையுங்கள், பட்ஜெட்டை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதே இல்லை. ஆய்வுக் கேள்வியும் முடிவாகி, பணம் எந்தக் கணக்கில் விழும் என்பதும் முடிவான பிறகு உங்களிடம் கேட்க மிச்சமிருப்பது கூட்டத்துக்கு எந்தத் தேதி வசதி என்பது மட்டும்தான்.

முன்மொழிவில் நிர்வாகம், பாலினம், ஆய்வுத் தரம் என்று மூன்று பகுதிகள் இருக்கும். மூன்றையும் மூன்று பேர் எழுதுவார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்திருப்பாரா என்பதே சந்தேகம். என்னைக் கேட்டால் மூன்றுக்கும் அடியில் கிடப்பவை ஒரே கேள்விகள்தான்: யார் முடிவெடுக்கிறார், யாருக்குச் சம்பளம், யார் பெயர் கட்டுரையில் வருகிறது. அதனால் இவற்றைச் சேர்த்தே பேசுங்கள், அதுவும் எழுத்தில்.

பணத்திலிருந்து தொடங்குங்கள்

உங்கள் பங்கு மட்டும் உள்ள தாளை வாங்கிக்கொண்டு திருப்திப்படாதீர்கள். முழு பட்ஜெட்டையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே நிறையச் சொல்லிவிடும். முழுத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பல்கலைக்கழகம் என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்பது. உதாரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவில், மறைமுகச் செலவுக்கு நேரடிச் செலவில் 25 சதவீதம் என்று ஒரே விகிதம் உண்டு. ஆனால் துணை ஒப்பந்தத்துக்குப் போகும் தொகை அந்தக் கணக்கில் சேராது. அதனால் மானியத்தில் நேரடிப் பங்குள்ள பயனாளியாகச் சேர்கிறீர்களா, ஒரு வேலையை மட்டும் கூலிக்குச் செய்துதரும் துணை ஒப்பந்ததாரராகவா என்ற ஒரு வார்த்தை வித்தியாசத்தில் உங்கள் கணக்கர், ஆய்வுக்கூடம், மின்சாரம் எல்லாவற்றுக்குமான பணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அடுத்தது, பணம் முன்கூட்டி வருமா, செலவழித்த பிறகு ரசீது காட்டி வாங்க வேண்டுமா? பெரிய பல்கலைக்கழகம் ஆறு மாதம் கைக்காசைப் போட்டுச் சமாளிக்கும். களப்பணியாளருக்கோ மாத முடிவில் சம்பளம் வேண்டும். முதல் மூன்று மாதச் செலவாவது முன்பணமாக வர வேண்டும் என்று கேளுங்கள், நாணய மாற்று விகிதத்தில் வரும் நட்டத்தை யார் ஏற்பது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இதெல்லாம் நிதிப்பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள், நிதிப்பிரிவோ கோப்பு கையெழுத்தாகி வந்த பிறகுதான் பார்க்கிறது.

யார் முடிவெடுப்பது

துணைவேந்தர்கள் கைகுலுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் நல்ல விஷயம்தான், ஆனால் பொதுவாக அதில் பணமோ கடமையோ இருக்காது. உங்களைக் காப்பது, திட்டத்துக்கென்று தனியாகப் போடும் கூட்டாண்மை ஒப்பந்தம். அதில் வழிகாட்டும் குழுவில் யார் யார், தலைமை சுழற்சியில் மாறுமா, எத்தனை பேர் இருந்தால் முடிவு செல்லும், பட்ஜெட் மாற்றத்துக்கு யார் ஒப்புதல், தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்பதெல்லாம் இருக்கட்டும். எல்லை தாண்டிய ஆய்வுக் கூட்டாண்மைகளுக்காக சுவிட்சர்லாந்தின் கே.எஃப்.பி.இ. ஆணையம் தொகுத்த 11 கொள்கைகளில் முதலாவதே, ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்து வகுக்க வேண்டும் என்பது. எதிர்த்தரப்பு மழுப்பினால் அதை எடுத்துக்காட்டலாம்.

தரவு விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். சர்வர் எங்கே, உங்களிடம் முழுப் பிரதி இருக்குமா, உங்கள் மாணவர் அதை வைத்து ஆய்வேடு எழுத யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? ஐரோப்பியக் கூட்டாளி என்றால் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் வரும். தாவரம், நுண்ணுயிர் போன்ற மரபு வளங்கள் எல்லை தாண்டினால், அவற்றை எடுப்பதற்கும் பயனைப் பகிர்வதற்குமான, 2014 அக்டோபரில் அமலுக்கு வந்த நகோயா உடன்படிக்கையைப் பார்க்க வேண்டும். ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி ஆய்வு நடக்கும் இடத்திலும் கட்டாயம் வேண்டும். சொந்த நாட்டில் அனுமதி கிடைக்காத ஆய்வை விதிகள் தளர்வான நாட்டில் போய் நடத்துவதைத் தடுக்கத்தான் 2018இல் டிரஸ்ட் அறநெறிக் கோவை உருவானது. நியாயம், மரியாதை, அக்கறை, நேர்மை என்ற நான்கு சொற்களில் அடங்கும் சின்ன ஆவணம், படித்துவிடுங்கள்.

பாலினம்: அந்த ஒரு வரியை உடையுங்கள்

பல முன்மொழிவுகளில் இப்படி ஒரு வரி இருக்கும்: "திட்டத்தின் எல்லாக் கட்டங்களிலும் பாலினச் சமத்துவம் கருத்தில் கொள்ளப்படும்." இதைப் படித்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "வீட்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணிடமும் ஓர் ஆணிடமும் தனித்தனியே பேசுவோம். பெண்களிடம் பெண் களப்பணியாளர் பேசுவார். இதற்காக இரண்டு கூடுதல் களப்பணியாளர்களின் சம்பளமும் மாலை நேரத்தில் திரும்ப வண்டிச் செலவும் பட்ஜெட்டில் உள்ளன. முடிவுகளைப் பாலின வாரியாகப் பிரித்து வெளியிடுவோம்." இப்போது அது ஆய்வு முறையாகவும் ஆகிவிட்டது, பட்ஜெட்டாகவும் ஆகிவிட்டது. பட்ஜெட்டில் வரி இல்லாத சமத்துவத்தை நான் நம்புவதில்லை.

ஆய்வின் தரத்துக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு சோல்பிடெம் தூக்க மாத்திரையின் கதை போதும். சந்தையில் இருபது ஆண்டு இருந்த மருந்து அது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் இருக்கிறது என்பதால், 2013இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான பரிந்துரை அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பாலின வாரியாக எதைப் பதிவு செய்ய வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2016இல் வந்த சேஜர் வழிகாட்டுதல்கள் கைகொடுக்கும்.

குழுவுக்குள்ளும் பாருங்கள். பெயர்ப் பட்டியலில் பாதிப் பேர் பெண்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள், எண்ணிப் பார்த்தால் அவர்கள் களத்திலும் தரவு உள்ளீட்டிலும் இருப்பார்கள், வழிகாட்டும் குழுவில் ஆண்கள் மட்டும் இருப்பார்கள். பதவி வாரியாக எண்ணுங்கள். உள்ளே ஆள் தேர்வு நடக்கும்போதும் கவனம் தேவை. ஸ்வீடனின் மருத்துவ ஆய்வு மன்றத்தில் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தவர்களை ஆராய்ந்து 1997இல் வெளிவந்த கட்டுரை, ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது என்று காட்டியது.

ஹொரைசன் ஐரோப்பாவில் 2022 முதல், உறுப்பு நாடுகளிலும் இணை நாடுகளிலும் உள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பாலினச் சமத்துவத் திட்டம் கட்டாயம். அது தலைமையின் கையெழுத்தோடு வெளியிடப்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும், அதற்கென ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும், ஆண்டுதோறும் தரவு சேகரிக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும். கூட்டாளியின் இணையதளத்தில் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு இதைக் கேளுங்கள்: உங்கள் பேராசிரியர் எங்கள் களத்துக்கு வரும்போது எங்கள் ஆய்வு உதவியாளரிடம் தவறாக நடந்தால் புகார் எந்தப் பல்கலைக்கழகத்தின் குழுவுக்குப் போகும்? இரண்டு பக்கமும் "அது அவர்கள் வேலை" என்று கைகாட்டும் இடம் இதுதான். புகாரை யார் வாங்குவது, எத்தனை நாளில் பதில், விசாரணை முடியும்வரை அவர் களத்துக்கு வரலாமா என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

தரத்தை எதில் அளப்பது

எத்தனை கட்டுரை, எந்த இதழ் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது சுலபம். இதழின் தாக்கக் குறியீட்டை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) வைத்துத் தனிக் கட்டுரையை எடைபோடக் கூடாது என்று 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம் சொல்லி வெகு காலம் ஆகிறது. அதற்குப் பதிலாக எனக்குப் பிடித்தது, கனடாவின் ஆய்வு நிதி நிறுவனமான ஐ.டி.ஆர்.சி. உருவாக்கிய ஆர்.கியூ. பிளஸ் சட்டகம். முறையியல் ஒழுங்கோடு சேர்த்து, ஆய்வு சம்பந்தப்பட்டவர்களிடம் நியாயமாக நடந்ததா, யாருக்கு முக்கியம், பயன்படுத்தத் தோதான வடிவில் இருக்கிறதா என்றும் அது கேட்கிறது, பாலின அக்கறையையும் உள்ளூர் அறிவையும் தரத்துக்கு உள்ளேயே வைத்துப் பார்க்கிறது. திட்டத்தின் நடுவில் ஒருமுறை இந்தக் கேள்விகளோடு இரு தரப்பும் உட்கார்ந்து மதிப்பிட ஒரு நாளை ஒதுக்குங்கள்.

கட்டுரைப் பெயர்களை முதல் மாதமே பேசிவிடுவது நல்லது. 14 பங்களிப்பு வகைகள் கொண்ட கிரெடிட் பட்டியலை எடுத்து, திட்டமிட்ட ஒவ்வொரு கட்டுரைக்கும் யார் எதைச் செய்வார், முதல் பெயர் யாருடையது என்று நிரப்புங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். தரவு திரட்டியவரை நன்றியுரையில் மட்டும் போடும் வழக்கம் இதனால் கொஞ்சமாவது குறையும், ஏனென்றால் அவர் எழுத்திலும் பங்கெடுக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

நிதி பாதியில் நின்றால்

இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுவார்கள், ஆனால் நடக்கிற காரியம்தான். 2021 மார்ச்சில் பிரிட்டன் வெளிநாட்டு உதவியைக் குறைத்தபோது, அந்நாட்டின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ.யின் அந்த ஆண்டு ஒதுக்கீட்டில் 12 கோடி பவுண்டு பற்றாக்குறை விழுந்து, நடந்துகொண்டிருந்த திட்டங்களே பட்ஜெட்டைக் குறைக்க வேண்டியிருந்தது. 2025 மே மாதம் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் வெளிநாட்டுத் துணை மானிய முறையையே (அமெரிக்க நிறுவனம் தன் மானியத்தில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கூட்டாளிக்குத் தருவது) மாற்றப்போவதாக அறிவித்து, அதுவரை புதியவற்றை நிறுத்திவைத்தது. ஆகவே ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதுவரை ஆன செலவை யார் தருவது, தரவுப் பிரதி யாரிடம் போகும், ஏற்கெனவே பேட்டி கொடுத்த மக்களிடம் யார் போய் விஷயத்தைச் சொல்வது என்பதை எழுதுங்கள். முனைவர் பட்ட மாணவர்களைத் திட்டப் பணத்தை மட்டும் நம்பிச் சேர்ப்பதாக இருந்தால், கடைசி ஓராண்டு உதவித்தொகையைத் தலைமைப் பல்கலைக்கழகம் சொந்த நிதியிலிருந்து தரும் என்ற கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.