ரோஜாப் பூச்சிகளுக்குக் காலை நேரத் தண்ணீர்

சமூகத் தோட்டத்து ரோஜாவில் சாறு உறிஞ்சும் அசுவினியோ செஞ்சிலந்தியோ தென்பட்டால், காலையில் குழாய் நீரை இலைகளின் அடிப்புறத்தில் படுமாறு, கீழிருந்து மேலாக, விசையுடன் பீய்ச்சுங்கள். சில நாள் இடைவெளியில் மீண்டும் செய்யுங்கள். மொட்டுக் காம்பில் பச்சையாக அப்பியிருக்கும் அசுவினி கீழே விழுந்தால் பெரும்பாலும் செடிக்குத் திரும்புவதில்லை. செஞ்சிலந்தியோ வறண்ட சூழலில் பெருகுவது என்பதால், மழை படாத கூரையடிச் செடிகளுக்கும் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீடுகளின் தாழ்வாரத் தொட்டிகளுக்கும் இது மிகவும் பயன்படும்.

மாலையில் மட்டும் வேண்டாம்: சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இலை இரவெல்லாம் நனைந்தே கிடந்து கரும்புள்ளி நோய்க்கு இடம் கொடுத்துவிடும். தொட்டித் தட்டில் தேங்கும் நீரையும் உடனே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும்.

மொட்டுக்குள் புகுந்துவிட்ட இலைப்பேனுக்கும் தண்டில் ஒட்டிய செதிள் பூச்சிக்கும் இம்முறை பலிக்காது. அத்தகைய மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டி அகற்றுங்கள், செதிளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுங்கள்.