பல் கல்லில் தட்டினால் சீட்டு வரை அதிர வேண்டும்

பாளையங்கோட்டையில் என் அறைக்கு ஃபைனல் இயர் பிள்ளைகள் வருஷாவருஷம் புராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரோபோ கை, ராட்டினம், ஹிட்டாச்சி என்று ஏதாவது ஒரு சிமுலேஷன். இந்த மாசம் வந்த இரண்டு பேரும் பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறையே அச்சுப் பிசகாமல் செய்திருந்தார்கள். குறி மாறுவது, அலகு மாறுவது எல்லாம் ஓட்டிப் பார்த்தாலே மாட்டிக்கொள்ளும், விட்டுவிடலாம். இது அப்படி மாட்டாது. அதை முதலில் சொல்லிவிட்டு, வேறு நான்கு தவறுகளையும் கீழே சொல்கிறேன்.

முட்டிய பாகத்தை மட்டும் தனியாகக் கணக்கிடுவது

ராதாபுரம் பக்கம் ஒரு கல்குவாரி ஆபரேட்டர்களின் பயிற்சிக்காக ஹிட்டாச்சி சிமுலேஷன் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அதன் கையில் பூம், ஸ்டிக், நுனியில் பல் வைத்த பக்கெட் மூன்றும் பின் போட்டுக் கோத்தவை. பக்கெட் பாறையில் முட்டியதும் பக்கெட்டின் நிறையை மட்டும் வைத்துக் கணத்தாக்கை (மோதும் நொடியில் விழும் உதை, impulse) கண்டுபிடித்தேன். மூட்டு விலகினால் அப்புறம் இழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. பல் பாறைக்குள் இறங்கியது. வெளியே தள்ளினால் பின் கழன்றது. பின்னைச் சேர்த்தால் பல் மறுபடி உள்ளே. மூன்று வாரம் உராய்வுக் குணகத்தையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் லீவர் பிடித்துப் பழகிய அண்ணாச்சி ஒருவர்தான் சொன்னார்: "தம்பி, பல்லு கல்லுல தட்டுனா சீட்டு வரைக்கும் அதிரும்லா? இதுல பக்கெட்டு மட்டுந்தான குதிக்கி!"

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். 3 கிலோ எடையுள்ள சீரான கம்பி, ஒரு நுனி நிலையான மூட்டில். மறு நுனி விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில், கம்பிக்குச் செங்குத்தாகத் தரையில் மோதுகிறது. துள்ளல் கிடையாது. கம்பியைத் தனியாக எடுத்தால் அந்த நுனி நிறையில் கால் பங்காக, 0.75 கிலோவாக நடந்துகொள்ளும். கணத்தாக்கு 3 நியூட்டன்-விநாடி. மூட்டோடு சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு, 1 கிலோ. தேவை 4. மூன்றைக் கொடுத்துவிட்டு மூட்டைச் சரிசெய்தால், நுனி இன்னும் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தரைக்குள் போய்க்கொண்டிருக்கும்.

மூட்டையும் தொடுகையையும் ஒரே கணக்காகத் தீர்த்துவிடுங்கள். சுற்றுச் சுற்றாகத் தீர்க்கும் முறையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் வரட்டும். லேசான பாகத்தில் கனமான பாகம் தொங்கினால் சுற்றுகளைக் கூட்டுங்கள். அந்தப் பிள்ளைகள் மாற்றி ஓட்டினார்கள். பல் தட்டிய அதே நேரப்படியில் பூமின் அடி மூட்டில் விசை எகிறியது.

உராய்வை எப்போதும் முழு அளவுக்குப் போடுவது

குணகம் பெருக்கல் செங்குத்து விசை என்பது உச்சவரம்பு, அவ்வளவுதான். ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்துக்கடியில் சறுக்குக்கட்டை போட்டதும் தேர் நிற்கிறது. நின்றபின் கட்டை தேரைப் பின்னால் தள்ளுவதில்லை. அதற்குப் பயந்து வேகத்தோடு மெல்ல ஏறும் வளைகோட்டைப் போட்டாலும் சிக்கல்தான்: சரிவில் நிறுத்திய வண்டி மெல்ல ஊர்ந்து இறங்கும்.

கோத்த பாகங்களை ஒன்றோடொன்று மோதவிடுவது

பின்னில் கோத்த ஜோடிகளை, மோதலே பார்க்க வேண்டாத விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

நுண்ணிய வேகத்திலும் துள்ளவிடுவது

மோதும் வேகம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் துள்ளலைப் பூஜ்யமாக்குங்கள்.

விடையே இல்லாத இடத்தில் பிழை தேடுவது

சாக்பீஸைச் சாய்த்துத் தள்ளினால் போர்டில் புள்ளி புள்ளியாக விழும். 1895-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பான்லவே இதற்குப் பக்கத்துக் கணக்கைத்தான் எடுத்தார். சொரசொரப்பான தரையில் வழுக்கும் விறைப்பான கோலுக்குச் சில நிலைகளில் முடுக்கமே விடையாக வராது, அல்லது ஒன்றுக்கு மேல் வரும். சீரான ஒற்றைக் கோலுக்கு அதற்குக் குணகம் 4/3-ஐத் தாண்ட வேண்டும். மூட்டுள்ள கைகளில் அதற்குக் கீழேயே வரலாம். விசை, முடுக்கம் என்று எழுதாமல் கணத்தாக்கு, திசைவேகம் என்று எழுதுங்கள். ஸ்டூவர்ட், டிரிங்கிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் காட்டிய வழி அது.