ப்ராக்ல மொத தடவ வாக்கிங் டூர் போறீங்களா? இப்படி பண்ணுங்க

செக் நாட்டு தலைநகர் ப்ராக் போனா மொத நாள் காலையிலயே கைடோட வாக்கிங் டூர் போயிடுங்க, கடைசி நாளைக்குன்னு தள்ளாதீங்க. நான் மூணாவது நாள்தான் போனேன், அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா நான் மிதிச்சுட்டு நடந்த தரையில என்ன இருந்துச்சுன்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

ஸ்டெப் 1: புக்கிங். ஃப்ரீ டூர்னு போட்டிருந்தா நிஜமாவே ஃப்ரீன்னு நினைக்காதீங்க, கடைசியில டிப்ஸ் குடுக்கணும். ஆரம்பத்துல எல்லாரையும் நிக்க வச்சு ஒரு குரூப் போட்டோ எடுப்பாங்க, நானும் ஞாபகத்துக்குன்னு நல்லா சிரிச்சுட்டு நின்னேன், அது பல இடத்துல தலைய எண்ணுறதுக்காம், தலைக்கு இவ்வளவுன்னு கைடுதான் கம்பெனிக்கு கட்டணும். அதனால நைசா பாதியில கழண்டுக்காதீங்க.

ஸ்டெப் 2: காசு. அங்க யூரோ இல்ல, கொருனா. கமிஷன் இல்லன்னு பெருசா போர்டு வச்ச கடையில மாத்தி நான் நல்லா ஏமாந்தேன், கமிஷன் இல்லதான் ஆனா ரேட்லயே அடிச்சுட்டான். 1000 யூரோ வரைக்கும் மாத்தினத 3 மணி நேரத்துக்குள்ள ரசீதோட போய் கேன்சல் பண்ணலாம்னு 2019ல இருந்து சட்டமே இருக்கு. எனக்கு அது தெரிஞ்சப்ப நாலு மணி நேரம் ஆயிடுச்சு.

ஷூ பத்தி ஒரே வார்த்தை, ஹீல்ஸ் வேண்டாம், எல்லாம் கருங்கல் பதிச்ச ரோடு.

ஸ்டெப் 3: கடிகாரம். ஓல்ட் டவுன் ஸ்கொயர்ல 1410ல வச்ச வானியல் கடிகாரம், இன்னும் ஓடுது. மணி அடிக்கிறப்ப எல்லாரும் மேல ஜன்னல்ல வர்ற 12 அப்போஸ்தலர் (இயேசுவோட சீடர்கள்) பொம்மைகளையே பாப்பாங்க, நீங்க கொஞ்சம் கீழ பாருங்க. எலும்புக்கூடு ஒன்னு கயித்த இழுத்து மணி அடிக்கும், அதாவது சாவு கூப்பிடுது, பக்கத்துல கண்ணாடி வச்சிருக்க ஆளு, பணப்பை வச்சிருக்க கஞ்சன் எல்லாம் வரமாட்டேன்னு தலைய ஆட்டும். கடைசியா சேவல் கூவும், ஒரு நிமிஷம்கூட ஆகாது, முடிஞ்சுது. எல்லாரும் அண்ணாந்து பாக்குற நேரம்தான் பிக்பாக்கெட்காரனுக்கும் நேரம், பைய முன்னாடி மாட்டிக்கோங்க.

ஸ்டெப் 4: குனிஞ்சு பாருங்க. அந்த கடிகாரம் இருக்க கட்டடத்து பக்கத்துல தரையில 27 வெள்ளை சிலுவை பதிச்சிருக்கும். ராஜாவ எதிர்த்தவங்க 1620ல வெள்ளை மலை சண்டையில தோத்ததும், அவங்கள்ல 27 தலைவர்கள 1621 ஜூன் 21 அன்னிக்கு இங்கதான் வச்சு கொன்னாங்க. நான் ரெண்டு நாளும் அது மேலயே நின்னு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கேன்.

யூதர் பகுதி ஜோசஃபோவ வெளிய இருந்துதான் பெரும்பாலும் காட்டுவாங்க, உள்ள போக தனி டிக்கெட், இன்னொரு நாள் நிதானமா போங்க.

ஸ்டெப் 5: சார்லஸ் பாலம். 1357ல 9வது தேதி 7வது மாசம் காலை 5:31க்கு கல்லு நட்டாங்கன்னு சொல்வாங்க, அத வரிசையா எழுதினா 135797531, நம்ம ஜோசியர் நாள் குறிச்ச மாதிரியே இருக்கும். பாலத்துல 30 சிலை, நிறைய காப்பிதான். நெபோமுக் ஜான்ங்கிற பாதிரியார் சிலைக்கு கீழ இருக்க தகடு மட்டும் ஜனங்க தொட்டு தொட்டு தங்கமா மின்னும். ராணியோட பாவமன்னிப்பு ரகசியத்த சொல்ல மறுத்ததால 1393ல ஆத்துல தூக்கி போட்டாங்கன்னு கதை, உண்மையில அது ராஜாவுக்கும் பேராயருக்கும் நடந்த பதவி சண்டை. கைடு ரெண்டையும் சொன்னா நல்ல கைடு, டிப்ஸ கூட்டி குடுங்க.

ஸ்டெப் 6: முடிஞ்சதும் உடனே ஓடாதீங்க, நீங்க எங்க சாப்பிடுவீங்கன்னு கைட கேளுங்க, ஸ்கொயர விட்டு ரெண்டு தெரு தள்ளி கைய காட்டுவாரு. சாப்பிட்டு 22ம் நம்பர் டிராம் ஏறி கோட்டைக்கு போங்க, பேப்பர் டிக்கெட்னா ஏறினதும் மெஷின்ல விட்டு முத்திரை குத்திக்கோங்க, இல்லன்னா டிக்கெட் கையில இருந்தும் ஃபைன் கட்டணும்.