அகலமான கியூஆர்எஸ், வேகமான துடிப்பு: டியூட்டி டாக்டர் செய்ய வேண்டியவை

மானிட்டரில் துடிப்பு 180 ஓடுகிறது, கியூஆர்எஸ் (ஈசிஜியில் இதயக் கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் கூர் அலை) அகலமாக இருக்கிறது என்றால் முதலில் கழுத்து நாடியைத் தொடுங்கள். 10 நொடிக்கு மேல் தேட வேண்டாம். நாடி இல்லையா, உடனே நெஞ்சழுத்தம், ஷாக் (மின்னதிர்ச்சி). நாடி இருந்தால் ரத்த அழுத்தம், நினைவு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் பாருங்கள். இந்தத் துடிப்பால் இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் ஷாக்தான்.

நிலையாக இருக்கிறாரா? மருந்து போடுமுன் 12 லீட் ஈசிஜி எடுத்துவிடுங்கள். துடிப்பு அடங்கிவிட்டால் அந்தப் பதிவு கிடைக்காது. கியூஆர்எஸ் மூன்று சிறு கட்டம், அதாவது 120 மில்லிநொடி, அல்லது அதற்கு மேல் இருந்து, சீராகவும் ஓடினால் வி.டி. (கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு) என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பு மாரடைப்பு வந்தவர் என்றால் இன்னும் உறுதி. ‘நன்றாகப் பேசுகிறாரே, வி.டி.யாக இருக்காது’ என்ற கணிப்புதான் ஆளைக் கொல்கிறது. எஸ்விடி (கீழறைக்கு மேலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு) என்று நினைத்து அதற்கான வெரப்பமில் மருந்தைப் போட்டால் ரத்தநாளம் விரியும், இதயம் சுருங்கும் வலுவும் குறையும். அழுத்தம் அப்படியே சரிந்துவிடும்.

வி.டி.யை அடக்க அமியோடரோன் 150 மி.கி. 10 நிமிடத்தில் சிரை வழியே ஏற்றுங்கள். பிறகு நிமிடத்துக்கு 1 மி.கி. வீதம் 6 மணி நேரம், அதன்பின் 0.5 மி.கி. அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் அழுத்தம் இறங்கும்.

நாடியுள்ள, சீரான வி.டி.க்கு ஷாக் கொடுக்கும்போது தவறு பெரும்பாலும், ஷாக்கைத் துடிப்போடு ஒத்திசைக்கும் ‘சிங்க்’ பொத்தானில்தான் நடக்கிறது. நினைவிருப்பவருக்கு மயக்க மருந்து கொடுங்கள். சிங்க் போட்டபின் ஒவ்வொரு ஆர் அலை (கியூஆர்எஸ்ஸின் உச்சி) மேலும் குறி விழுகிறதா என்று பாருங்கள். 100 ஜூல். எல்லோரும் விலகியதும் ஷாக் பொத்தானை அழுத்தியபடியே இருங்கள். கருவி ஆர் அலைக்காகக் காத்திருந்துதான் பாய்ச்சும். சிங்க் இல்லாத ஷாக் டி அலை (கீழறை மீண்டுவரும் கட்டம்) மேல் விழுந்தால் வி.எஃப். (கீழறை துடிக்காமல் நடுங்கும் நிலை) ஆகிவிடலாம். பல கருவிகளில் ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும் சிங்க் தானாக அணைந்துவிடும், திரும்பப் போட வேண்டும். வி.எஃப். வந்துவிட்டால் நேர்மாறு: சிங்க்கை அணையுங்கள். இல்லாவிட்டால் ஆர் அலை கிடைக்காமல் கருவி பாய்ச்சாமலே நிற்கும்.

அலைகள் முறுக்கிக்கொண்டு ஓடி, முந்தைய ஈசிஜியில் கியூடி (கியூஆர்எஸ் தொடக்கம் முதல் டி அலை முடிவு வரையுள்ள நேரம்) நீண்டிருந்தால் மெக்னீசியம் 2 கிராம் சிரை வழியே. அமியோடரோன் கூடாது, கியூடியை இன்னும் நீட்டும். அந்தத் துடிப்பு அடங்காமல் ஓடினால் சிங்க் இல்லாத ஷாக்.

துடிப்பு சரியானதும் மறுபடி 12 லீட், பொட்டாசியம், மெக்னீசியம், ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதம் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ (இதய ஸ்கேன்). நெஞ்சில் ஒட்டிய ஷாக் பேட்களை மட்டும் கழற்றாதீர்கள், வி.டி. திரும்பவும் வரலாம்.