ஒன்றேகால் இஞ்ச் பைப்பில் ஒரு நீர்மூழ்கி: ஹன்லியை வீட்டிலேயே செய்வோம்

மாடல் செய்யணும் என்று ஆசை, ஆனால் கிட் வாங்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹன்லியைத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியர் பக்கம் கட்டிய நீர்மூழ்கி. முழுப்பெயர் ஹெச். எல். ஹன்லி. 1864 பிப்ரவரி 17 அன்று இரவு சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே ஹூசடானிக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. எதிரியின் போர்க்கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி அதுதான், ஆனால் அதுவும் கரை திரும்பவில்லை. 2000 ஆகஸ்ட் 8 அன்றுதான் கடலுக்கு அடியிலிருந்து தூக்கினார்கள்.

இன்ஜின் கிடையாது. ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து, ப்ரொப்பல்லரைச் சுழற்றும் க்ராங்கை (கைப்பிடிகள் வைத்த வளைந்த தண்டு) கையால் சுற்ற வேண்டும், எட்டாவது ஆள் முன்னால் இருந்து ஓட்டுவார். நீளம் கிட்டத்தட்ட 40 அடி, அதாவது வேலூரிலிருந்து காட்பாடி போகிற பஸ் நீளம், ஆனால் உள்ளே உயரம் 4 அடிதான். அதனால்தான் சொல்கிறேன், வெளித்தோற்றத்தை மட்டும் செய்து வைத்தால் அது வெறும் குழாய். பக்கத்தில் ஒரு சன்னல் வெட்டி அந்த க்ராங்கைக் காட்டினால்தான் ஹன்லி.

அளவு

கணக்கு ரொம்ப சுலபம். நிஜத்தில் ஒரு அடி, நம் மாடலில் ஒரு சென்டிமீட்டர். 40 அடி என்றால் 40 செ.மீ., 4 அடி என்றால் 4 செ.மீ. இது ஏறக்குறைய 1:30 அளவு. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று இருந்தால் போதும்.

இந்த அளவு வசதியாக அமைவதற்கு இன்னொரு காரணம், 40 மி.மீ. பிவிசி பைப் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வேலூர் லாங் பஜார் பக்கம் போய் "அண்ணே, ஒன்னேகால் இஞ்சு பைப், நாலு கிலோ, ரெண்டு அடி வெட்டிக் குடுங்க" என்றால் எடுத்துத் தருவார்கள். நாலு கிலோ என்பது பைப் தாங்கும் அழுத்தம். ஆறு கிலோ பைப் வேண்டாம், சுவர் தடிமன், வளைக்கும்போது கை நோகும். கூடவே ஆக்சா பிளேடு, உப்புத்தாள் (80, 220, 400), எம்சீல், பைப் ஒட்டும் சொல்யூஷன் சின்ன டப்பா, கொஞ்சம் கட்டுக்கம்பி, கால் அடி 20 மி.மீ. கரண்ட் பைப், பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்று, காலாவதியான ஏடிஎம் கார்டு இரண்டு.

முனைகளை ஒடுக்குவது

இதுதான் முக்கியமான வேலை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள்.

ஹன்லியின் இரண்டு முனையும் கூம்பு மாதிரி கூர்மையாக இருக்காது, ஆப்பு மாதிரி இருக்கும்: பக்கவாட்டில் ஒடுங்கி ஒரு செங்குத்துக் கோட்டில் முடியும். பைப்பை 40 செ.மீ.க்கு வெட்டி, இரண்டு முனையிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என ஆங்கில 'வி' எழுத்து வடிவில் வெட்டி எடுங்கள். ஆழம் 8 செ.மீ., வாய்ப்பக்க அகலம் 4 செ.மீ. இந்த அகலத்தை ஸ்கேலால் அளக்காமல், ஒரு காகிதத்தைப் பைப்பைச் சுற்றி வைத்து வளைவின் மேலேயே அளக்க வேண்டும். வெட்டி முடித்தால் மீதி இருப்பது முன்பக்கம் வாத்து அலகு மாதிரி இரண்டு நாக்கு. அந்த இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முனை வந்துவிடும்.

அழுத்த வேண்டுமானால் சூடு வேண்டும். தயவுசெய்து அடுப்புத் தீயில் நேராகக் காட்டாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், ஒரு பக்கம் கருகி, சமையலறை முழுக்கப் புகை, தொண்டை இரண்டு நாள் எரிந்தது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அது விளையாட்டில்லை. கொதிக்கிற தண்ணீரே போதும், ஏறக்குறைய 80 டிகிரியிலேயே பிவிசி இளக ஆரம்பித்துவிடும். சமையலுக்கு இனி எடுக்காத ஒரு ஆழமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முனையை ஒன்றிரண்டு நிமிடம் முக்கி வைத்து, கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டு எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தி, அப்படியே பச்சைத்தண்ணீரில் இறக்கினால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும்.

ஒரு சிக்கல் வரும். முனையை அழுத்தும்போது நடுப்பகுதியும் சேர்ந்து நசுங்கும். எங்கள் தெரு பிளம்பர் அண்ணன் பைப் வளைப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது: உள்ளே காய்ந்த மணலை நிரப்பிவிடுங்கள். பாலாற்று மணல் வீடு கட்டும் இடத்தில் ஒரு கைப்பிடி கிடைத்தாலும் சரி, எம்-சாண்ட் ஆனாலும் சரி, ஈரம் மட்டும் கூடாது. நடுவில் மணல், இரண்டு பக்கமும் துணி உருண்டை வைத்து இறுக்கமாக அடைப்பு. இப்போது அழுத்தினால் முனை மட்டும்தான் மடியும். மணலை எப்படி வெளியே எடுப்பது என்று கவலை வேண்டாம், பின்னால் சன்னல் வெட்டும்போது கொட்டிவிடும்.

இடைவெளிகளை எம்சீல் வைத்து அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, 80 உப்புத்தாளில் ஆரம்பித்து 400 வரை தேயுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று. பழைய படங்களைப் பார்த்து, உடம்பு முழுக்கக் குமிழ் குமிழாக ரிவெட் வைக்கிறார்கள். தூக்கி எடுத்துப் பார்த்தபோது ரிவெட் தலைகள் எல்லாம் தகட்டோடு சமமாக இருந்தன, தண்ணீர் வழுக்கிப் போகட்டும் என்று அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். ஆகவே ஊசியால் தகட்டு இணைப்புக் கோடுகளை மெலிதாகக் கீறினால் போதும்.

கோபுரம், இறக்கை, ப்ரொப்பல்லர்

மேலே ஆள் இறங்கும் குட்டைக் கோபுரம் இரண்டு. கரண்ட் பைப்பில் ஒரு செ.மீ. துண்டுகள் வெட்டி, வெந்நீரில் போட்டு லேசாக நசுக்கினால் நீள்வட்டம் கிடைக்கும். அடிப்பக்கம் உருண்டையான உடம்பில் உட்கார வேண்டுமே? உப்புத்தாளை உடம்பின் மேலேயே சொரசொரப்பு வெளியே தெரியும்படி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கோபுரத் துண்டை அதன் மேல் முன்னும் பின்னும் தேயுங்கள். பத்து நிமிடத்தில் சேணம் மாதிரிப் பள்ளம் விழுந்து, வைத்தால் இடைவெளியே தெரியாது. நான் முனையிலிருந்து 12 செ.மீ. தள்ளி வைத்தேன். இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் முதுகில் இரண்டிரண்டாகச் சின்ன ஓட்டைகள் போட்டு ஒரு சொட்டு ஃபெவிகால் விட்டால், காய்ந்ததும் கண்ணாடி ஜன்னல் மாதிரியே இருக்கும்.

முன்பக்கம் இரு பக்கமும் மேலே கீழே போக உதவும் இறக்கைகள், 7 செ.மீ. நீளப் பட்டைகள். பழைய ஏடிஎம் கார்டு பெரும்பாலும் பிவிசிதான், பைப் சொல்யூஷனிலேயே ஒட்டிக்கொள்ளும். ப்ரொப்பல்லருக்கும் அதே கார்டில் மூன்று இதழ் வெட்டி முறுக்குங்கள், சுற்றி ஒரு வளையம் உண்டு, அதற்குக் கரண்ட் பைப்பில் மெல்லிய சீவல். சுக்கானும் அதே கார்டு.

சன்னலும் க்ராங்கும்

இப்போதுதான் சன்னல், இதற்கு முன்னால் வேண்டாம். முதல் மாடலில் அவசரப்பட்டுச் சன்னலை வெட்டிவிட்டுப் பிறகு வெந்நீரில் முக்கினேன், சன்னல் ஓரம் கோணிக்கொண்டு போய் அத்தனை வேலையும் வீண்.

வலது பக்கத்தில், கோபுரங்களுக்கு நடுவில் 14 செ.மீ.க்கு 2 செ.மீ. வலதுதான் வெட்ட வேண்டும், ஏனென்றால் ஆட்கள் இடது பக்க பெஞ்சில் உட்கார்ந்தார்கள், க்ராங்க் வலது பக்கம் இருந்தது. மூலைகளில் ஓட்டை போட்டு, ஆக்சா பிளேடை நுழைத்து மெதுவாக அறுங்கள். உள்ளே ஐஸ் குச்சியில் பெஞ்ச்.

க்ராங்குக்கு ஒற்றைக் கட்டுக்கம்பி. ஒரு சென்டிமீட்டர் நேர், அரை சென்டிமீட்டர் மேலே, ஒரு சென்டிமீட்டர் நேர், அரை சென்டிமீட்டர் கீழே, இப்படி ஏழு கைப்பிடி. எல்லாமே ஒரே திசையில் நிற்கும். பிறகு மூக்குக் குறடால் ஒவ்வொரு கைப்பிடியையும் பிடித்து வெவ்வேறு கோணத்துக்குத் திருப்புங்கள். சைக்கிள் பெடல் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் எப்படி மிதிப்பது? அதே கதைதான். ஒருவர் கை உச்சியில் தளரும்போது அடுத்தவர் கை தள்ளிக்கொண்டிருக்கும். இதை வளைத்து முடித்துக் கையில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள், 2 செ.மீ.க்கு ஒரு ஆள் எவ்வளவு நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள் என்று அப்போது புரியும். சோதனை ஓட்டங்களிலேயே இந்தப் படகு இரண்டு தடவை மூழ்கி, ஐந்து பேரும் எட்டுப் பேரும் இறந்தார்கள். அந்த எட்டில், படகுக்குப் பெயர் தந்த ஹன்லி என்ற மனிதரும் ஒருவர். அதற்குப் பிறகும் எட்டுப் பேர் தாங்களாகவே ஏறி உட்கார்ந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அண்ணன் மகன் முடித்த மாடலைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, கோட்டை அகழியில விட்டுப் பாக்கலாமா?" என்றான். சன்னல் வைத்த மாடல் மிதக்காது. மிதக்கவிட ஆசை என்றால் சன்னல் இல்லாமல் இன்னொன்று செய்யுங்கள்.

பெயின்ட்

முதலில் சாம்பல் பிரைமர், பிறகு மேட் கறுப்பு. மே மாதம் வேலூர் வெயிலில் மதியம் ஸ்பிரே அடித்தால் பெயின்ட் போய்ச் சேர்வதற்குள் காற்றிலேயே காய்ந்து மேற்பரப்பு மணல் மாதிரி ஆகிவிடும். காலை ஆறரைக்கு மொட்டை மாடியில், நிழல் பக்கம், மெலிதாக மூன்று கோட். உள்பக்கத்துக்குப் பிரஷ் போதும்.

கடைசியாகத்தான் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. முதலிலேயே ஒட்டினால் தேய்க்கும்போதெல்லாம் சட்டையில் மாட்டும். நிஜத்தில் சுமார் 16 அடி, ஆக போக்ஸ் கம்பியில் 16 செ.மீ. நுனியில் 61 கிலோ வெடிமருந்து வைத்த செம்பு உருளை, அதற்குப் பேனா குழாயில் 2 செ.மீ. வெட்டிச் செம்பு நிறம் பூசலாம். பழைய படங்களில் இந்தக் கம்பி முனையின் மேல்பக்கத்திலிருந்து கிளம்பும், அது தவறு. முனையின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, ஒரு செ.மீ. உள்ளே போகும்படி செருகி, எம்சீல் வைத்து, காயும் வரை கீழே ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுங்கள்.