ஐசியு பக்கத்தில் சுவர் உடைக்க வேண்டுமா? தூசியும் தொற்றும் பரவாமல் வேலை முடிப்பது எப்படி

ஆஸ்பத்திரியில் கட்டட வேலை ஓய்வதே இல்லை. பாத்ரூம் கசிவு, புது ஏசி லைன், ஆக்சிஜன் பைப் நீட்டிப்பு, ஃபால்ஸ் சீலிங் மாற்றம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். நோயாளிகளை உள்ளே வைத்துக்கொண்டே அத்தனையையும் செய்தாக வேண்டும். இந்தப் பொறுப்பு முதல் முறையாகக் கைக்கு வந்திருக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்களுக்கும் பராமரிப்புப் பிரிவினருக்கும் சிறிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நம் முதல் எதிரி ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. மண்ணிலும், பழைய சுவர் இடுக்கிலும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வருடக்கணக்கில் படிந்த தூசியிலும் அது இருக்கும். அதன் வித்துகள் 2 முதல் 3.5 மைக்ரான் அளவுதான். சுத்தியல் பட்டதும் கிளம்பும், மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மூச்சோடு நுரையீரலின் அடி ஆழம் வரை போகும். உடல் தெம்பாக இருப்பவர்கள் தினமும் சுவாசித்தும் ஒன்றும் ஆவதில்லை. கீமோதெரபியில் வெள்ளையணு சரிந்தவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், அதிக ஸ்டீராய்டில் இருப்பவர், ஐசியுவில் கிடப்பவர் ஆகியோருக்கு அதே வித்து உயிரைப் பறிக்கும் நுரையீரல் தொற்றாக மாறலாம். மருந்து கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை. எந்த நோய்க்காக அட்மிட் ஆனாரோ அது குணமாகிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து அறைத் தூசியால் ஒருவர் இறப்பதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

விளக்கத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது மாடி, ஐசியுவை ஒட்டிய பழைய பாத்ரூம். தரையில் கசிவு. டைல்ஸைப் பெயர்த்து, பைப்பை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, மறுபடி டைல்ஸ் ஒட்ட வேண்டும். நேர் கீழே முதல் மாடியில் டயாலிசிஸ் பிரிவு.

படி 1: வேலையையும் நோயாளியையும் எடை போடுங்கள்

இதற்குத் தொற்று அபாய மதிப்பீடு என்று பெயர். துறையில் ‘இக்ரா’ என்றே சொல்வார்கள். அமெரிக்க மருத்துவமனைப் பொறியியல் சங்கமான ஆஷே 2022இல் திருத்தி வெளியிட்ட அட்டவணைதான் இன்று பரவலாகப் பயன்படுகிறது. முதலில் வேலை எந்த ரகம் என்று பாருங்கள். சும்மா பார்வையிடுவது ஏ. சின்னதாக, குறைந்த தூசியோடு முடிவது பி. தூசி கிளப்பும் உடைப்பு வேலை சி. பெரிய இடிப்பும் புதுக் கட்டுமானமும் டி. அடுத்து, அந்த இடத்தில் இருப்பவர்களின் அபாயம். இது அலுவலக அறையில் தொடங்கி ஐசியு, ஆபரேஷன் தியேட்டர், புற்றுநோய் வார்டு வரை நான்கு நிலை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எந்த வகுப்புக் கட்டுப்பாடு தேவை என்று இருக்கும். 2022 அட்டவணையில் ஐந்து வகுப்புகள்.

நம் பாத்ரூம் வேலை சி ரகம், பக்கத்தில் ஐசியு. ஆகவே கடுமையான வகுப்பில்தான் விழும். ‘சின்ன பாத்ரூம்தானே’ என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை.

படி 2: ஆறு பக்கமும் நடந்து பாருங்கள்

மேலே, கீழே, நான்கு பக்கமும். படத்தில் பார்த்தால் போதாது, மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். நம் உதாரணத்தில் எல்லோரும் ஐசியுவைப் பற்றியே பேசுவார்கள். தரையைத் துளைத்தால் டயாலிசிஸ் பிரிவின் சீலிங்கில்தான் கொட்டும் என்பது கீழே போய் அண்ணாந்து பார்க்கும்போதுதான் உறைக்கும். சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி, பைப் போகும் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் அடைத்திருக்காது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் திறக்கிறது, அங்கே எந்த வார்டு ஜன்னல் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மிகவும் பலவீனமான நோயாளிகளை வேலை முடியும் வரை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்ற முடிந்தால் அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.

படி 3: பெர்மிட் இல்லாமல் சுத்தியல் தூக்கக் கூடாது

ஒரே ஒரு தாள். என்ன வேலை, எந்த வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்னென்ன தடுப்பு, யார் பொறுப்பு. தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், பராமரிப்புப் பொறுப்பாளர், கான்ட்ராக்டர் மூவரும் கையெழுத்துப் போட்டு, வேலை நடக்கும் கதவிலேயே ஒட்டுங்கள். இந்தியாவில் என்ஏபிஹெச் என்ற தேசிய மருத்துவமனை அங்கீகார வாரியத்தின் தரச்சான்று வைத்திருக்கும் மருத்துவமனைகளுக்கு, கட்டுமான வேலையின்போது தொற்றைக் குறைக்கும் திட்டம் கட்டாயம். சான்று இல்லாத மருத்துவமனையிலும் இதைச் செய்ய ஒரு பேனாவும் தாளும் போதும்.

“அஞ்சு நிமிஷ வேலைதான் சிஸ்டர், ரெண்டு டைல்ஸ்தான்” என்ற குரலை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். அந்த நேரத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு உண்டு என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், மொத்தத் திட்டத்திலும் முக்கியமான வரி அதுதான். அந்த அதிகாரம் இல்லையென்றால் மற்ற எல்லாம் கான்ட்ராக்டரின் அவசரத்துக்கு விட்டுக்கொடுத்துப் போய்விடும்.

படி 4: தடுப்பும் காற்றும்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

தடுப்பு என்றால் கதவில் தொங்கும் தார்ப்பாய் அல்ல. தரையிலிருந்து மேல் கான்கிரீட் தளம் வரை போக வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தினால் தூசி அதற்கு மேலே தாராளமாக நடந்து ஐசியுவுக்குள் இறங்கும். சில நாள் நீடிக்கும் வேலைக்கு ஜிப்சம் போர்டு அல்லது பிளைவுட், இணைப்பெல்லாம் டேப். நுழைவில் ஒரு சின்ன முன்னறை, அதில் ஒட்டும் மேட். உள்ளே இருக்கும் ஏசி வென்ட், தரை வடிகால், பைப் ஓட்டை எல்லாவற்றையும் மூடி டேப் ஒட்டுங்கள். தூசிக்காகப் புகை எச்சரிக்கைக் கருவியை மூடினால் தீயணைப்புப் பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டு மூடுங்கள், தினமும் வேலை முடிந்ததும் திறந்துவிடுங்கள்.

அப்புறம் காற்றழுத்தம். வேலை நடக்கும் அறையின் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருந்தால் காற்று எப்போதும் உள்நோக்கியே போகும், தூசி வெளியே வராது. குறைந்தது 2.5 பாஸ்கல் வித்தியாசம் வேண்டும். இதற்கு ஹெபா ஃபில்டர் வைத்த நெகட்டிவ் ஏர் மெஷின் தேவை, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் அலுவலக அறைக்குப் போதும், ஐசியுவை ஒட்டிய வேலைக்குப் போதாது. சொந்தமாக இல்லாவிட்டால் வாடகைக்கு எடுங்கள்.

எவ்வளவு திறன்? பாத்ரூம் 3 மீட்டர் நீளம், 2.5 அகலம், 3 உயரம் என்றால் 22.5 கன மீட்டர். மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டுமென்றால் 270 கன மீட்டர். ஃபில்டர் அடைபட அடைபடத் திறன் குறையும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எடுங்கள். அந்த வேகத்தில் காற்று மாறினால், தூசி கிளம்புவது நின்ற பிறகு மிதக்கும் துகளில் 99.9 சதவீதம் நீங்க ஏறக்குறைய 35 நிமிடம் ஆகும். ஆட்கள் கிளம்பியதும் மெஷினை அணைத்துவிடாதீர்கள்.

அழுத்தம் சரியா என்று பார்க்க மீட்டர் வைப்பது நல்லது. அதோடு ஒரு டிஷ்யூ காகிதத்தை மெல்லிய பட்டையாகக் கிழித்து, கதவடி இடுக்கில் பிடித்துப் பாருங்கள். பட்டை உள்ளே இழுத்துக்கொண்டால் சரி. தொங்கிக்கொண்டே நின்றாலோ உங்கள் பக்கம் பறந்தாலோ உடனே வேலையை நிறுத்துங்கள். காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை பார்த்துப் பெர்மிட் தாளிலேயே நேரத்தோடு எழுதுங்கள்.

படி 5: இடிபாடும் ஆட்களும்

டைல்ஸை உடைக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள், ஈரத்தில் தூசி வெகுவாகக் குறையும் என்பது கொத்தனார்களுக்கே தெரியும். காய்ந்த தரையில் துடைப்பம் கூடாது. ஈர மாப், ஹெபா வேக்குவம் மட்டும். இடிபாட்டைப் பையில் கட்டி, மூடிய தள்ளுவண்டியில், சக்கரத்தைத் துடைத்துவிட்டு, நோயாளிகள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் இறக்குங்கள். சாப்பாட்டு டிராலி போகும் லிஃப்ட்டில் ஏற்ற வேண்டாம்.

வேலையாட்கள் பலர் வடமாநிலத்தவர். அறிவிப்பை இந்தியிலும் ஒட்டுங்கள், முதல் நாள் கால் மணி நேரம் நின்று விளக்குங்கள். யார் எந்த நோயோடு படுத்திருக்கிறார், இந்தத் தூசி அவரை என்ன செய்யும் என்று சொன்னால் கேட்காதவர் குறைவு. அவர்களுக்கும் என்95 மாஸ்க் கொடுங்கள். டைல்ஸ், சிமெண்ட் தூசியிலுள்ள சிலிக்கா அவர்கள் நுரையீரலைக் கெடுக்கும். நீண்ட நாள் இருமல் இருப்பவரை டிபி பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த நோயாளியை ஸ்கேனுக்கு அந்த வழியாகக் கொண்டுபோக நேர்ந்தால், மூச்சு தாங்கும் என்று டாக்டர் சொன்ன பிறகு என்95 போட்டு அனுப்புங்கள்.

படி 6: தண்ணீரை மறந்துவிடாதீர்கள்

பைப் வேலைக்காகச் சப்ளையை நிறுத்தினால் தண்ணீர் தேங்கும். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். 20 முதல் 45 டிகிரி அதற்கு வசதியான வெப்பம். நம் ஊர் மொட்டைமாடி டேங்க் வருடம் முழுக்க அந்த வரம்பில்தான் இருக்கிறது. சப்ளையைத் திரும்பத் திறக்கும்போது அழுத்தம் அதிர்ந்து, பைப்பின் உள்சுவரில் ஒட்டியிருந்த படலமும் பெயர்ந்து வரும். எனவே அந்த லைனில் உள்ள எல்லாக் குழாய்களிலும் நுனி வலையைக் கழற்றிவிட்டு, தண்ணீர் தெளியும் வரை ஓட விடுங்கள். குளோரின் பாருங்கள், குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பயன்படாத பைப் துண்டைச் சும்மா மூடி வைக்காமல் வெட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள். டயாலிசிஸுக்குப் போகும் லைன் இதோடு சேர்ந்திருந்தால் அந்தப் பிரிவின் டெக்னீஷியனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கசிவில் நனைந்த ஜிப்சம் போர்டு 72 மணி நேரத்துக்குள் முழுசாகக் காயாவிட்டால் தூக்கிப் போடுங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம்.

படி 7: தடுப்பைப் பிரிப்பது

தடுப்பு நிற்கும்போதே உள்ளே சுவர், சீலிங், வென்ட் எல்லாம் ஹெபா வேக்குவம் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். நர்ஸ் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்பை மெதுவாகப் பிரியுங்கள். உதறாமல் உள்பக்கமாக மடியுங்கள், தூசி படிந்த முகம் அதுதான். அடைத்த வென்ட்டுகளைத் திறந்து, அந்த ஏசியின் ஃபில்டரை மாற்றிய பிறகு பாத்ரூமை வார்டிடம் ஒப்படைக்கலாம்.

பெர்மிட் தாளைக் கிழித்துப் போடாமல் கோப்பில் வையுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு ஐசியு கல்ச்சர் ரிப்போர்ட்டுகளை மைக்ரோபயாலஜி பிரிவோடு சேர்ந்து பாருங்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே ஒருவருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரல் தொற்று வந்ததாகத் தெரிந்தால், அது ஒரே ஒரு கேஸாக இருந்தாலும் விசாரணையைத் தொடங்க வேண்டும். அப்போது எந்த நாளில் அழுத்தம் குறைந்தது, எந்த நாளில் இடிபாடு எந்த வழியாகப் போனது என்பதற்கு அந்தத் தாளில்தான் பதில் இருக்கும்.